இரண்டாம் ஆண்டிலேயே என்எஃப்எல்லுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் வைட் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஆடுகிறான். 2024 மே மாதம் பள்ளி முடித்தவன். இரண்டு பருவங்கள் ஆடிவிட்டான். ‘படிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், உடனே டிராஃப்டில் (என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சேர்த்துவிடுகிறேன்’ என்று ஒருவர் ஒப்பந்தத்துடன் வந்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். ஆனால் அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு புகார் கொடுக்க உதவும். பள்ளி முடித்து மூன்று முழுக் கல்லூரிப் பருவங்கள் கடந்த பிறகுதான் என்எஃப்எல் டிராஃப்டில் ஒருவர் இடம்பெற முடியும். பள்ளி முடித்த நாளிலிருந்துதான் கணக்கு. காயத்தால் ஆடாமல் உட்கார்ந்திருந்த பருவமும் அதில் சேரும். ஆகவே உங்கள் மகனுக்கு 2027 டிராஃப்ட்தான் முதல் வாய்ப்பு. எத்தனை பந்துகளைப் பிடித்திருந்தாலும் அது முன்னால் வராது.

இதே அவசரத்தில் ஓர் ஆண்டை இழந்தவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வைட் ரிசீவர் மைக் வில்லியம்ஸ். 2003-ல் 95 பந்துகளைப் பிடித்தவர். ஒஹையோ ஸ்டேட் வீரர் மொரிஸ் கிளாரெட் தொடுத்த வழக்கில் 2004 பிப்ரவரியில் கீழ்நீதிமன்றம் மூன்றாண்டு விதியைத் தள்ளியதும், அவரும் ஏஜென்ட் அமர்த்திக்கொண்டு கல்லூரியை விட்டார். அதே ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அவரைத் திரும்பச் சேர்க்க மறுத்தது. 2004 பருவம் முழுதும் அவர் எங்கும் ஆடவில்லை.

உங்களிடம் வந்தவர் அநேகமாக லேரி ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயரைச் சொல்லியிருப்பார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டே பருவங்கள் ஆடி, அதே 2004-ல் மூன்றாவது வீரராக அரிசோனா அணிக்குத் தேர்வானவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் கல்லூரிக்கு முன்பு வேலி ஃபோர்ஜ் ராணுவப் பள்ளியில் கூடுதல் காலம் படித்தவர். அவருடைய பழைய பள்ளி வகுப்பு முடித்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டன என்பதால்தான் லீக் அனுமதித்தது. திறமைக்காகக் கொடுத்த சலுகை அன்று, நாட்காட்டிக் கணக்கு. உங்கள் மகன் 2024-ல் பள்ளி முடித்து நேரே கல்லூரிக்குப் போனவர் என்றால், அந்தக் கதை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

விதி நியாயமானதா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. லீக்கும் தொழில்முறை வீரர் சங்கமும் பேசி முடித்த ஏற்பாடு, அந்த மேசையில் நாற்காலியே இல்லாத இருபது வயதுப் பையனைக் கட்டுப்படுத்துகிறது. அடி வாங்கும் முழங்கால் மட்டும் அவனுடையது. இடைத்தரகர்கள் நுழைவதும் இந்த இடைவெளியில்தான்.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். ஆகையால் தாளின் தலைப்பில் ‘விளம்பர ஒப்பந்தம்’ என்று இருக்கும். உள்ளே எங்கோ எதிர்காலச் சம்பளத்தில் பங்கு கேட்கும் ஒரு வரி இருக்கும். ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் சுமார் 4,36,000 டாலர் பெற்றுக்கொண்டு, 25 ஆண்டுகளுக்குத் தன் என்எஃப்எல் வருமானத்தில் 15 சதவீதத்தை எழுதிக்கொடுத்தார். மறு ஆண்டே அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வீரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் அணி ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 3 சதவீதம்தான் வாங்கலாம். தொழில்முறை ஆட்டத்துக்காக ஓர் ஏஜென்டிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டாலும் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும் என்பதை மகனிடமும் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்து விழுந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் கல்லூரியின் விளையாட்டு இயக்குநருக்குத் தெரிவிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, மறைக்க வேண்டாம்.

2026 பருவம் முடியும் தறுவாயில், பயிற்சியாளர் மூலம் என்எஃப்எல்லின் கல்லூரி ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேளுங்கள். டிராஃப்டின் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டும் இல்லை என்ற மூன்றில் ஒரு பதில் வரும். மூன்றாவது வந்தால் அவர் நான்காம் ஆண்டும் ஆடட்டும்.