ட்ரெக்கிங் பூட்ஸ்: எதுக்கு காசு குடுக்கணும், எதுக்கு வேண்டாம்?

கேள்வி: மாசம் ரெண்டு தடவையாவது மலைப்பாதைல நடக்கப் போறேன், பெரும்பாலும் ஒரு நாள் நடைதான். இப்ப போடற ஸ்போர்ட்ஸ் ஷூ ஈரப் பாறைல வழுக்குது. பூட்ஸ் பாத்தா, ஒரே மாதிரி தெரியற ரெண்டு ஜோடிக்கு விலை மூணு மடங்கு வித்தியாசம். வாட்டர்ப்ரூஃப் அவசியமா? பழைய மாடல்னு பாதி விலைக்குத் தர்றதை வாங்கலாமா?

பதில்: பாதி விலை மேட்டர்லேருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா பூட்ஸ்ல நல்ல டீல் கிடைக்கறதும் அங்கதான், ஏமாறறதும் அங்கதான். கம்பெனிக்காரங்க சீசனுக்கு சீசன் கலர் மாத்துவாங்க, லேஸ் ஹூக்கை கொஞ்சம் நகத்துவாங்க, மத்தபடி அதே பூட்ஸ்தான், அந்த மாதிரி போன சீசன் கலர் குறைஞ்ச விலைக்கு வந்தா தாராளமா எடுங்க. ஆனா தேதி பாக்காம எடுக்காதீங்க. நிறைய பூட்ஸ்ல மிட்சோல், அதாவது தரைல படற ரப்பருக்கும் உங்க காலுக்கும் நடுவுல இருக்கற மெத்தை, பாலியூரித்தேன்ங்கற ஃபோம்ல பண்ணிருப்பாங்க. டப்பாவுக்குள்ள சும்மா கிடந்தாக்கூட காத்துல இருக்கற ஈரம் அந்த பாலியூரித்தேனை கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுக்கிட்டே இருக்கும், ஹைட்ராலிசிஸ்னு பேரு. மேல தோல் புத்தம் புதுசா பளபளன்னு இருக்கும், ஒரு நாள் பாதி வழில சோல் மட்டும் பொடிப்பொடியா உதிர்ந்து கழண்டு வந்துடும். தயாரிச்சு அஞ்சு வருஷம் தாண்டினா இந்த ரிஸ்க்கை கணக்குல எடுத்துக்கணும், சூடும் ஈரமுமான குடோன்ல கிடந்ததுன்னா இன்னும் சீக்கிரமே.

பெரும்பாலும் டங்க், அதாவது லேஸுக்கு அடில இருக்கற நாக்கு, அதோட உள்பக்கம் தச்சிருக்கற லேபிள்ல தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும், இல்லன்னா விக்கறவங்கள கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா பிரச்சனை இல்ல. செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்கன்னா பூட்ஸை நல்லா மடக்கி மிட்சோல் பக்கவாட்டுல பாருங்க, மெல்லிசா வெடிப்பு ஓடினாலோ தொட்டா பிசுபிசுன்னு ஒட்டினாலோ இலவசமா குடுத்தாலும் வேண்டாம். ஈவிஏங்கற இன்னொரு வகை ஃபோம்ல பண்ணின மிட்சோலுக்கு இந்த வியாதி கிடையாது, அது லேசாவும் இருக்கும், ஆனா நடக்க நடக்க அமுங்கி குஷன் செத்துடும். கனமான மூட்டையோட பல நாள் போறவங்களுக்கு பாலியூரித்தேன் நல்லது, உங்க ஒரு நாள் நடைக்கு ஈவிஏவே போதும்.

சரி, வழுக்கறது. அதுக்கு பூட்ஸ்தான் தீர்வுன்னு இல்ல, ரப்பர்தான் தீர்வு. மிருதுவான ரப்பர் ஈரப் பாறைல பிடிக்கும் ஆனா சீக்கிரம் தேயும், கெட்டி ரப்பர் நாள்பட வரும் ஆனா வழுக்கும், ரெண்டையும் ஒரே சோல்ல முழுசா எதிர்பாக்க முடியாது. கட்டைவிரல் நகத்தால சோலை அழுத்திப் பாருங்க, லேசா உள்ள போய் திரும்ப வரணும், பிளாஸ்டிக் மாதிரி டொக்குனு நின்னா வேற பாருங்க. சோலுக்கு அடில பட்டன் பட்டனா இருக்கற அந்த கட்டைகள் 4, 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்து நடுவுல நல்ல இடைவெளி இருந்தா சேறு தானா உதிர்ந்துடும், இல்லன்னா அடைச்சுக்கிட்டு வழவழன்னு ஆயிடும். சோல்ல மஞ்சளா எட்டுகோண லோகோ இருந்தா உடனே மயங்கிடறாங்க. அது விப்ரம்ங்கற சோல் கம்பெனியோட லோகோ. நல்ல கம்பெனிதான், 1935ல ஆல்ப்ஸ் மலைல கூட வந்த ஆறு பேர் செத்துப்போன விபத்துக்கப்புறம் வித்தாலே பிரமானிங்கற இத்தாலிக்காரர் யோசிச்சு உருவாக்கின ரப்பர் சோல்லேருந்து வந்தது, ஆனா அவங்ககிட்டயே பல வகை ரப்பர் இருக்கு, எந்த ரப்பர்ங்கறதுதான் கேள்வி. அதோட அந்த லோகோ சோலுக்கு மட்டும்தான் சாட்சி, மேல தச்சதுக்கும் ஒட்டினதுக்கும் இல்ல.

ஒட்டினதுன்னு சொன்னேன்ல, இப்ப வர்ற பூட்ஸ்ல பெரும்பாலும் சோல் ஒட்டறதுதான், அது தப்பில்ல. முன்பக்கம் விரல் மடங்கற இடத்துல சோலும் அப்பரும், அதாவது பூட்ஸோட மேல்பாகமும், சேர்ற கோட்டுல நகத்தை ஓட்டிப் பாருங்க, இடைவெளி தட்டினா வாங்காதீங்க. தச்ச சோல் இருந்தா பின்னாடி மாத்திக்கலாம்னு சொல்லி கூடுதல் விலை சொல்வாங்க, வருஷக்கணக்கா வாரம் தவறாம நடக்கறவங்களுக்கு அது லாபம், உங்களுக்குத் தேவையில்ல.

அப்புறம் கைல எடுத்து மடக்குங்க. விரல் மடங்கற இடத்துலதான் மடங்கணும், நடுப்பாதத்துல மடங்கினா உள்ள பலமே இல்லன்னு அர்த்தம். ஹீலையும் முனையையும் பிடிச்சு துணி பிழியற மாதிரி முறுக்குங்க, லேசா திரும்பலாம், சுருண்டுடக் கூடாது. ஹீல் பின்பக்கத்தை ரெண்டு விரலால அமுக்கினா கெட்டியா நிக்கணும். டங்க் ரெண்டு பக்கமும் மேல வரைக்கும் அப்பரோட சேர்ந்திருந்தா கல்லு, தண்ணி உள்ள வராது. அப்பர்ல தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, முக்கியமா மடங்கற இடத்துல தையலே இல்லன்னா ரொம்ப நல்லது, ஏன்னா நூல் முதல்ல அறுபடறது அங்கதான். தோல்னு போட்டிருந்தா விரலால அழுத்துங்க, ஒழுங்கில்லாம பொடிச் சுருக்கம் விழுந்தா நல்ல தோலா இருக்க வாய்ப்பு அதிகம், சுருக்கமே விழாம ஷீட் மாதிரி நின்னா மட்டத் தோலுக்கு மேல பூச்சு பூசினது.

வாட்டர்ப்ரூஃப், என்னைக் கேட்டா, குளிர்ல பனில ஈரப்புல்லுல நடக்கறவங்களுக்கு. கோர்-டெக்ஸ் மாதிரி மெம்பரேன், அதாவது தண்ணிய உள்ள விடாத மெல்லிசான சவ்வு, உள்ளேயிருந்து வேர்வை ஆவியா வெளிய போக விடும்ங்கறது உண்மைதான், ஆனா வெளிய சூடா இருந்தா ரொம்ப மெதுவா, கால் வெந்துடும். ஓடைல இறங்கி மேல் வழியா தண்ணி உள்ள போயிடுச்சுன்னா அதே மெம்பரேன் தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், காய நாள் கணக்காகும். சூடான இடத்துல நடக்கறீங்கன்னா மெம்பரேன் இல்லாத பூட்ஸ் வாங்கிட்டு மிச்சக் காசுல ரெண்டு ஜோடி நல்ல கம்பளி சாக்ஸ் எடுங்க. கனமும் பாருங்க, கால்ல ஏர்ற ஒரு கிலோவுக்கு முதுகுல ஏர்ற கிலோவை விட ஏறக்குறைய அஞ்சு மடங்கு சக்தி செலவாகும், அதனால ராணுவ பூட்ஸ் மாதிரி கனமா இருந்தா ஸ்ட்ராங்னு நினைச்சு தூக்கிட்டு வராதீங்க.

இதெல்லாம் பாத்தும் சைஸ் சரியில்லன்னா மொத்தமும் வேஸ்ட். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப போய் நடக்கறப்ப போடற சாக்ஸோடவே போட்டுப் பாருங்க. லேஸ் கட்டாம காலை முன்னாடி தள்ளினா ஹீல் பின்னாடி ஒரு விரல் நுழையணும். இன்சோலை, அதாவது உள்ள போட்டிருக்கற அட்டையை, வெளிய எடுத்து அது மேல நின்னா பாதம் பக்கவாட்டுல வெளிய வழியக் கூடாது. லேஸை இறுக்கிட்டு சரிவுலயோ படிலயோ இறங்குங்க, விரல் முன்னாடி இடிச்சா இறக்கத்துல நகம் கறுத்துப் போகும், வேற சைஸுக்கோ வேற மாடலுக்கோ போயிடுங்க, போகப் போக சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அகலம் கொஞ்சம் இளகும், நீளம் இளகாது. வாங்கினதும் ரெண்டு மூணு நாள் வீட்டுக்குள்ள மட்டும் போட்டு நடங்க, சோல் அழுக்காகாம இருந்தா பெரும்பாலும் மாத்திக் குடுப்பாங்க, பில்லையும் டப்பாவையும் அதுவரைக்கும் தூக்கிப் போடாதீங்க.