25 வருடங்களுக்கு மேல் ஐடி துறையில் இருந்தவர்களே, கற்றதெல்லாம் வீணாகிவிட்டது என்று தோன்றுகிறதா?

கேள்வி கேட்டவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் இருக்கும், ஏஐ கோடு எழுதுவதைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கும், அதனால் பழைய ஆட்களிடம் வந்து கேட்கிறார் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த "வீண்" என்ற வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது.

வீணானவை இல்லையா என்றால், இருக்கின்றன. ஃபாக்ஸ்ப்ரோ, பவர்பில்டர், பிறகு சில்வர்லைட். இந்தக் கடைசியானதை ராப்பகலாக உட்கார்ந்து கற்றேன். 2007இல் வந்தது, 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆதரவையே நிறுத்திவிட்டது, அதற்கு ரொம்ப முன்பே அதைக் கேட்பார் இல்லை. ஃப்ளாஷுக்கும் அதே கதி. புரோகிராமின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் சிவிஎஸ், சப்வெர்ஷன் கட்டளைகள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன, அதே வேலைக்குக் கிட் வந்ததும் போய்விட்டன. சரி, போகட்டும். அவை கருவிகள். தேய்ந்த ஸ்பேனரை நினைத்து எந்த மெக்கானிக்கும் அழுவதில்லை.

நான் சேர்ந்தது 1996இல், மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினியில், கோபால் (COBOL) மொழியில். (வீட்டில் ராத்திரி போன் வந்தால் "கோபால்", "கோபால்" என்றுதான் பேசுவேன், யார் அந்த ஆள், உன்னை இந்தப் பாடுபடுத்துகிறானே என்று கேட்டிருக்கிறார்கள்.) அது செத்த மொழி என்று இங்கே ஒருவர் கண்டிப்பாக வந்து எழுதுவார். 1959இல் ஆரம்பித்த மொழிக்கு 2023இல்கூடப் புதிய ஐஎஸ்ஓ தரப் பதிப்பு வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

1998இல் என்னை ஒய்டுகே குழுவில் போட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாக: பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான், 98 என்றால் 1998. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. துளை அட்டையில் மொத்தமே 80 எழுத்து, அதற்கப்புறம் வந்த டிஸ்க்கும் யானை விலை. அந்தப் பழக்கம் ஃபைல்களில் அப்படியே தங்கிவிட்டது. 2000 பிறந்தால் 00, அதை 1900 என்று கணினி எடுத்துக்கொள்ளும். வட்டி, வயது, காலாவதி எல்லாம் தலைகீழ். போதாததற்கு, நூறால் வகுபடும் வருடம் லீப் இல்லை என்று பாதி விதியை மட்டும் எழுதி, நானூறால் வகுபட்டால் லீப்தான் என்பதை விட்டுவிட்ட புரோகிராம்களும் இருந்தன. அதனால் 2000 பிப்ரவரி 29 வரை எங்களுக்கு நிம்மதி கிடையாது.

1999 டிசம்பர் 31 ராத்திரி வேலையில்தான் இருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து இன்று வரை "ஒய்டுகே எல்லாம் சும்மா கிளப்பிவிட்ட புரளி சார்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தானய்யா இரண்டு வருடம் வரி வரியாகப் படித்தோம்! பயத்தைக் காட்டிச் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக உட்கார்ந்து வேலை செய்தவனையும் சேர்த்துத் திட்டுவது என்ன நியாயம்?

இவ்வளவு ரோஷமாகப் பேசுகிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் பங்குக்கு வந்தவற்றில் ஒன்று கடன் தவணை போடும் புரோகிராம். வருடத்தை நான்கு இலக்கமாக விரிப்பதுதான் முறை. ஆனால் அந்த ஃபைலைத் தொடும் ஒவ்வொரு புரோகிராமையும் மாற்ற வேண்டும், பழைய டேப்களையும் மாற்ற வேண்டும், நாளோ இல்லை. அதனால் ஒரு வரம்பு எண் வைத்தேன்: 30க்குக் கீழே இருந்தால் 2000த்தைச் சேர்ந்தது, 30ம் அதற்கு மேலும் என்றால் 1900ஐச் சேர்ந்தது. அப்போது நீண்ட கடனே 20 வருடம். 98உடன் 20ஐக் கூட்டினால் 2018. இன்னும் பன்னிரண்டு வருட இடைவெளி இருக்கிறதே, அதற்குள் இந்த சிஸ்டத்தையே தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொன்னால் சப்பைக்கட்டு என்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். வரியின் ஏழாவது இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு (கோபாலில் அப்படிப் போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு), "தற்காலிக ஏற்பாடு" என்று எழுதி, என் இனிஷியலையும் தேதியையும் போட்டு முடித்தேன்.

2010 ஜனவரி. நான் வேறு குழுவில், ஜாவா மொழிப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கூப்பிட்டான். ஒரு கடன் தாளில் தவணைகள் 960 என்று அச்சாகியிருக்கிறது, கவுன்டரில் இருந்த அம்மா பார்த்துப் பிடித்துவிட்டார், உங்களுக்குக் கோபால் தெரியுமாமே, வந்து பாருங்கள் சார் என்றான். போனேன். 20 வருடக் கடன், முடிவது 2030இல். 30 வந்ததும் என் வரம்பு அதை 1930 என்று எடுத்துக்கொண்டது. 1930 கழித்தல் 2010, மைனஸ் 80 வருடம், அதாவது மைனஸ் 960 மாதம். மைனஸாகவே இருந்திருந்தால் ஏதாவது ஒரு சோதனையில் மாட்டியிருக்கும். ஆனால் அந்த எண்ணை வைக்கும் இடம், அதாவது ஃபீல்டு, பிளஸ் மைனஸ் குறி இல்லாத மூன்று இலக்க ஃபீல்டு. கோபாலில் அதற்குள் மைனஸ் எண்ணைப் போட்டால் மைனஸ் சத்தமில்லாமல் கழன்றுவிடும், 960 மட்டும் நிற்கும். 240 தவணைக்குப் பதில் 960. ஒவ்வொரு தவணையும் கிட்டத்தட்ட வட்டிக்கே சரியாகப் போகும், அசல் லேசில் அசையாது. எண் ஃபீல்டில் குப்பை புகுந்து ஜாப் செத்துவிழுந்தால் சாக் செவன் என்போம், அதுவாவது செத்துவிட்டேன் என்று கத்தும். இது கத்தவில்லை.

பையன் திரையில் அந்த நட்சத்திர வரியில் விரலை வைத்து, "யார் சார் இந்த ஆள்?" என்றான்.

"தெரியவில்லைப்பா, எப்போதோ போயிருப்பார்" என்றேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. 30ஐ 60 ஆக்கினோம். ஏன் 60 என்றால், உயிரோடு இருந்த கடன்களில் பழையதே எண்பதுகளில் தொடங்கியதுதான், அதனால் 60க்குக் கீழே பழைய தேதி எதுவும் வராது. இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். இந்த முறை இனிஷியல் போடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. தினமும் காலையில் செயலியைத் திறந்து இடம் பதிவு செய்ய வேண்டும். முன்பு ஒரு இழுப்பறை இருந்தது, எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று கையால் எழுதிய நோட்டு அதில் இருந்தது. மேசைகளை எடுத்தபோது எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒருநாள் ஏழரைக்கே போய்ப் பார்த்தால் பதிவு செய்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் "சாரி" சொல்லிவிட்டு நகர்ந்து போனேன். எதற்கு சாரி சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை. இதையெல்லாம் சிறிய விஷயம் என்பவர்களுக்குச் சொந்த மேசை இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஏஐ. போன வருடம் அந்தப் பழைய புரோகிராமைப் புதிய மொழிக்கு மாற்றும் முயற்சியில் என்னையும் சேர்த்தார்கள். நான் இரண்டு வாரத்தில் எழுதக்கூடிய விளக்கத்தை அது இரண்டு நிமிடத்துக்குள் எழுதிக் கொடுத்தது, பொறாமையாகத்தான் இருந்தது. குறி இல்லாத ஃபீல்டைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னது, 1998இல் என் கண்ணில் படாத விஷயம். ஒரு இடத்தில் மட்டும், வரம்பு 60 என்று இருக்கிறது, ஏன் 60 என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை என்று எழுதி விட்டுவிட்டது. இளைஞர்கள் நாலு பேர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காரணத்தைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

அந்த மாற்றம் பாதியில் நிற்கிறது, புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் 2038ஐப் பற்றிப் பேசுகிறார்கள், ஜனவரி 19, கணினிகள் விநாடிகளை எண்ணி வைக்கும் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் நாள். எனக்குப் பயம் அதற்கு இரண்டு வருடம் கழித்து. 2040 ஜனவரியில் யாராவது 20 வருடக் கடன் வாங்கினால் மறுபடியும் 960 அச்சாகும். எனக்கு அப்போது 66 வயது. போன் நம்பரை மாற்றுவதாக இல்லை, ஆனால் தயவுசெய்து பகலில் கூப்பிடுங்கள்.