ஃபிளெமிஷ் நாட்டார் இசைக்குள் எந்த வழியாக நுழைவது? கென்ட்டிலிருந்து ஒரு பதில்

தம்பி, ஆராய்ச்சிக்காக, பெல்ஜியத்தின் டச்சு பேசும் (ஃபிளெமிஷ்) பகுதியான ஃபிளாண்டர்ஸில் உள்ள லூவனுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன என்றும், ஆய்வகத் தோழர்கள் வெள்ளிக்கிழமை இரவு 'பால் ஃபோக்' என்னும் நாட்டார் நடன நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த ஊர் நாட்டார் இசை சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வேடிக்கையா, உண்மையாகவே புழக்கத்தில் இருப்பதா, டச்சு மொழி தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். கென்ட் நகரில் பதினாறு ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் பெரும்பகுதி இந்த இசையின் பின்னால் அலைந்ததில் கழிந்தது. கட்டாயம் போங்கள் என்பதே என் பதில். ஆனால் நான் சுமந்துகொண்டு போன ஓர் எதிர்பார்ப்பை நீங்கள் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

நான் கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவன். தகப்பனிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் கைமாறி வந்த நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய காது, இங்கேயும் அப்படி அறுபடாத ஒரு பரம்பரையைத் தேடியது, அது கிடைக்கவில்லை. ஃபிளாண்டர்ஸ் கிராமங்களில் ஒரு காலத்தில் எங்கும் ஒலித்த 'டூடல்ஸாக்' என்னும் பைக்குழல், வாசிக்க ஆளில்லாமல் அற்றுப்போய்விட்டது. 1960களின் இறுதியில் ஹூபெர்ட் போன் போன்ற ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த கருவி செய்பவர்களும் அதை மீட்டெடுக்க முனைந்தபோது, அவர்களுக்குப் பெரிதும் துணை நின்றவை பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகெலின் படங்கள். இப்போது வியன்னாவில் இருக்கும் அவருடைய 'குடியானவர் திருமணம்' ஓவியத்தில் இரண்டு பைக்குழல்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாசிப்பதை மறந்து, பரிமாற எடுத்துவரும் உணவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் கல்யாணத்தில் மேளக்காரர் பந்தியைப் பார்க்கும் அதே பார்வை. அந்தக் கருவியில் தோளை ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரண்டு குழாய்கள் இடைவிடாமல் ஆதார சுருதியைத் தந்துகொண்டிருக்கும். நாகசுரத்துக்கு ஒத்து பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது அந்நியமாக ஒலிக்காது.

பாரம்பரியம் அறுந்துபோனதால் இந்த இசைக்குத் தரம் குறைவு என்று தொடக்கத்தில் நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்று உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 'இப்படித்தான் வாசிக்க வேண்டும்' என்று அதட்ட ஒரு பெரியவர் இல்லாததால், ஒவ்வொரு தலைமுறையும் தன் போக்கில் எடுத்துக் கட்டியது. அதனால்தான் ஃபிளெமிஷ் நாட்டார் இசை என்று தேடுபவருக்கு ஒன்றோடொன்று ஒட்டாதவைபோலத் தோன்றும் பல இசைகள் கிடைக்கின்றன. வான்னெஸ் வான் டெ வெல்டே (1937–2008) ஆன்ட்வெர்ப் வட்டார வழக்கிலேயே பாடினார். கென்ட்டில் சிற்பி வால்டர் டெ பக், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெருப்பாடகர் காரெல் வேரியின் பாடல்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். நகரத்தின் ஜூலை மாதத் திருவிழாவை 1969இல் புதுப்பித்தவர்களில் முதன்மையானவரும் அவரே. 1976இல் தோன்றிய காட்ரில் குழு பழைய கதைப்பாடல்களை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் ராக் இசையாக்கியது. இம்மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே மண்ணின் இசை என்று சொல்லமாட்டீர்கள்.

முதலில் எதைக் கேட்பது என்று கேட்டால், தயங்காமல் லாயிஸ் குழுவைச் சொல்வேன். 1994இல் சேர்ந்த மூன்று இளம்பெண்கள், 1996இல் த்ரானவுட்டர் நாட்டார் இசை விழாவில் பாடி ஒரே நாளில் பேசப்பட்டவர்கள். முதல் இசைத்தட்டு 1998இல் வந்தது. பக்கவாத்தியமே இல்லாத இடங்களில் மூன்று குரல்களும் வெவ்வேறு சுரங்களில் நின்று ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும்; ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவதே கூட்டிசை என்று பழகிய நமக்கு, முதல் கேட்பில் அது சுருதி விலகியதுபோலக்கூடத் தோன்றலாம். மூன்றாம் முறை கேட்கும்போது அந்த உரசலுக்காகவே காத்திருப்பீர்கள். பழைய டச்சில் உள்ள பாட்டின் வரிகள் புரியவில்லையே என்று வருந்தாதீர்கள். என் ஃபிளெமிஷ் நண்பர்களுக்கே அவற்றில் பாதி புரிவதில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்கப்போவது அநேகமாகப் பாட்டாக இருக்காது, நடன இசையாக இருக்கும். 2000ஆம் ஆண்டில் ஆம்ப்ரோசைன் குழுவின் விம் கிளேஸ் 'போம்பால்' என்ற பெயரில் நடன இரவுகளைத் தொடங்கினார். டச்சில் 'போம்' என்றால் மரம், 'பால்' என்றால் நடனக் கூட்டம். நாட்டார் இசை என்றால் தாத்தாக்களின் சங்கதி என்று ஒதுங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் அந்த இரவுகளில் மண்டபங்களை நிறைத்தார்கள். அங்கே ஆடுபவை எல்லாம் ஃபிளாண்டர்ஸுக்கே உரியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூரே பிரான்சின் நடுப்பகுதியிலிருந்து வந்தது, அன்-ட்ரோ பிரித்தானி கடற்கரையிலிருந்து வந்தது, மசுர்க்காவின் வேர் போலந்தில் இருக்கிறது. தூய்மை பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும், எனக்கு உறுத்தவில்லை.

இந்த இசை காலை இழுப்பதற்குக் கருவியின் அமைப்பும் ஒரு காரணம். 'ட்ரெக்ஸாக்' என்னும் சிறிய பொத்தான் அக்கார்டியனில் ஒரே பொத்தானை அழுத்தியபடி துருத்தியை விரித்தால் ஒரு சுரமும் சுருக்கினால் வேறொரு சுரமும் எழும். ஆகவே மெட்டு நகர நகரத் துருத்தி திசை மாறிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மூச்சு மாற்றமே தாளத்துக்கு உந்தலைத் தருகிறது. 'த்ராய்லீர்' கருவியில் கைப்பிடியால் சுழலும் மரச்சக்கரம் தந்திகளை உராயும். வாசிப்பவர் மணிக்கட்டைச் சுண்டும்போதெல்லாம் ஒரு தந்தியைத் தாங்கும் 'பாலம்' என்னும் சிறு மரத்துண்டு அதிர்ந்து கரகரக்க, தாளத்துக்குத் தனியாக ஒருவர் தேவைப்படாமலே போகிறது. முதற்கருவியை அறிய பாஸ்கால் ருபென்ஸும் டூன் வான் மியெர்லோவும் இணைந்த நாராகோனியாவைக் கேளுங்கள். இரண்டாவதற்கு மூன்று சகோதரர்களின் ட்ரியோ டோர். வோர் என்ற குழுவோ பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து ஏடுகளில் உறங்கிய மெட்டுகளைச் சாக்ஸஃபோன், பைக்குழல், அக்கார்டியன் கொண்டு அதிரடியாக வாசிக்கிறது. அத்தகைய ஏடுகளில் ஒன்றை 1746இல் தொகுத்தவர் ஆன்ட்வெர்ப் கோபுரத்து மணி இசைஞர் டெ க்ரூட்டர்ஸ். தெருவில் ஆடிய மெட்டும் கோபுரத்து மணியில் ஒலித்த மெட்டும் ஒன்றாக இருந்த காலம் அது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பெரும்பாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அடிப்படை அடிகளைச் சொல்லித் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். நான் தவறவிட்டேன். அதன் பலனாக, 'ஷாப்பலுவாஸ்' என்னும் வட்ட நடனத்தில் எல்லோரும் ஒரு திசையில் துணை மாற, நான் எதிர்த்திசையில் நடந்து ஒரு பேராசிரியரின் மார்பில் முட்டிக்கொண்டேன். ரப்பர் அடியுள்ள காலணி தரையைக் கவ்வும் என்பதால் வழுவழுப்பான அடியுள்ளதை அணியுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் குடிப்பவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆணும் பெண்ணும் யாரையும் ஆட அழைக்கலாம். மசுர்க்கா மட்டும் மிக நெருங்கி ஆடுவது, கூச்சமாக இருந்தால் 'இதை உட்கார்ந்து கேட்கிறேன்' என்று சொல்லிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கைகோத்து வரிசையாக ஆடும் அன்-ட்ரோவில் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவரின் கையே உங்களுக்குத் தாளம் சொல்லிவிடும்.

ஆட்டம் பிடித்துப்போய்க் கருவியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டால், பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே கோயிக் கிராமத்தில் கோடையில் நடக்கும் நாட்டார் இசைப் பயிலரங்கைப் பற்றி விசாரியுங்கள். நான் ட்ரெக்ஸாக் கற்கத் தொடங்கியது அங்கேதான். ஒரு வாரத்தில் ஒரேயொரு வால்ஸ் மெட்டு கைக்கு வந்தது, அதுவும் விரிக்கும்போது மட்டும் சரியாக.