வெளி என்பது காலிப் பாத்திரமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலையும் கடலும் மனிதன் தோன்றுவதற்கு முன்பே இருந்தவை. அப்படியிருக்க, ‘வெளி (space) உற்பத்தி செய்யப்படுகிறது’ என்று இக்காலச் சிந்தனையாளர்கள் எழுதுவதற்கு என்ன பொருள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, மலையை யாரும் உற்பத்தி செய்வதில்லை. இந்தச் சொல்லாட்சியைப் பரவச் செய்தவர் ‘வெளியின் உற்பத்தி’ என்ற நூலை 1974-இல் வெளியிட்ட பிரெஞ்சு மார்க்சியர் ஆன்றி லெஃபெவ்ர். ஒரு சமூகம் நிலத்தின்மீதும் நீரின்மீதும் எல்லை வகுத்து, பாதை போட்டு, வரைபடம் தீட்டி, விலை வைத்து, அவற்றைத் தன் வாழ்வுக்குரிய வெளியாக ஆக்கிக்கொள்வதையே அவர் உற்பத்தி என்றார். பொருள்களை வைப்பதற்காக முன்கூட்டியே காலியாகக் கிடக்கும் பாத்திரம்தான் வெளி என்ற எண்ணம் நியூட்டன் காலத்திலிருந்து நம்முள் ஊறிவிட்டதால் இது விசித்திரமாகப் படுகிறது.

ஒரு சான்றைப் பாருங்கள். 1494-இல் டோர்டெசியாஸ் என்னும் ஊரில் போர்ச்சுகல் அரசும் காஸ்டீல் (இன்றைய ஸ்பெயினின் பகுதி) அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அக்காலத் தொலைவு அளவு) தள்ளி வடக்குத் தெற்காக ஒரு கோடு. அதற்குக் கிழக்கே புதிதாகக் காணப்படும் நிலம் போர்ச்சுகலுக்கு, மேற்கே காணப்படுவது காஸ்டீலுக்கு. அந்தக் கோடு கடலில் எங்கே ஓடுகிறது என்பதை அன்றைய மாலுமி எவராலும் உறுதியாகக் காட்டியிருக்க முடியாது. கடலில் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிப்பது 18-ஆம் நூற்றாண்டில், ஜான் ஹாரிசனின் கடிகாரம் போன்ற கருவிகள் வந்த பிறகுதான் கைகூடியது. ஆயினும் இன்று பிரேசில் போர்ச்சுகீசியமும் அதைச் சுற்றியுள்ள பெரும்பாலான நாடுகள் ஸ்பானியமும் பேசுவதற்கு அந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம். அந்த நிலங்களில் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்அமைப்பியலாளர்கள் எனப்படும் பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான ஜில் டெல்யூஸும் ஃபெலிக்ஸ் கத்தாரியும் 1980-இல் வெளியிட்ட ‘ஆயிரம் பீடபூமிகள்’ நூலில் கடலையே எடுத்துக்கொள்கிறார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் ஒலியையும் உணர்ந்து வழிதேடிச் செல்லும் கடல் ‘வழுவழுப்பான’ வெளி. ரேகைகள் கட்டம் கட்டிய கடல் ‘கோடிட்ட’ வெளி. பாவும் ஊடையுமாக நெய்த துணிக்கு அகலம் உண்டு, ஓரம் உண்டு. கம்பளி இழைகளை அழுத்திப் பிணைத்துச் செய்யும் ஃபெல்ட் எந்தப் பக்கமும் வளரலாம் என்று இந்த வேறுபாட்டை அவர்கள் விளக்குகிறார்கள். வழுவழுப்பானது நல்லது, கோடிட்டது கெட்டது என்று இதைச் சுருக்கிப் படிப்பவர்கள் உண்டு. அது பிழையான வாசிப்பு. இரண்டும் ஓயாமல் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருப்பவை என்று சொல்லும் ஆசிரியர்கள், வழுவழுப்பான வெளி மட்டுமே நம்மைக் காப்பாற்றிவிடும் என நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையோடுதான் அந்த இயலை முடிக்கிறார்கள்.

கேள்வி: வணிக வளாகம், பேருந்து நிலையம் என எதையும் ‘ஹெட்டரோடோபியா’ என்று கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அது சரிதானா? (வாசகி, திருச்சி)

பதில்: எல்லா இடத்துக்கும் ஒட்டப்படும் பெயர் எந்த இடத்தையும் விளக்காது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1967 மார்ச்சில் பாரிஸில் கட்டடக்கலைஞர்களிடையே ஆற்றிய உரையில் இச்சொல்லை விளக்கினார். அந்த உரை அவர் இறந்த 1984-இல்தான் அச்சேறியது. ஒரு சமூகத்தின் மற்ற இடங்கள் அனைத்தோடும் தொடர்பு கொண்டிருந்தும், அவற்றைத் தலைகீழாக்கிக் காட்டும் உண்மையான இடத்தையே அவர் அப்படி அழைத்தார். அவர் தந்த உதாரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இடுகாடு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய நகரங்களில் அது தேவாலயத்தை ஒட்டி ஊர் நடுவே இருந்தது. பிணங்கள் ஒரே குழியில் கலந்து கிடந்தன. பாரிஸின் நடுவே இருந்த ‘இன்னொசான்’ இடுகாடு 1780-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் எலும்புகள் இரவோடு இரவாக வண்டியேற்றப்பட்டு, கைவிடப்பட்ட கல்குவாரிச் சுரங்கங்களுக்குச் சென்றன. 1804-இல் அன்றைய நகர எல்லைக்கு வெளியே பெர் லஷேஸ் இடுகாடு திறக்கப்பட்டது. ஆன்மா அழியாது என்ற நம்பிக்கை உறுதியாக இருந்தவரை உடலைப் பற்றிக் கவலைப்படாத சமூகம், அந்த நம்பிக்கை தளர்ந்தபோது ஆளுக்கொரு தனிக்குழியைக் கேட்டது என்கிறார் ஃபூக்கோ. இவ்வாறு ஒரு சமூகத்தின் அச்சத்தையும் ஒழுங்கையும் புரட்டிக் காட்ட முடிந்தால் பேருந்து நிலையத்தையும் அப்பெயரால் அழையுங்கள்.

கேள்வி: உலகம் சுருங்கிவிட்ட காலத்தில் சொந்த ஊர் மீது பற்று வைப்பது பிற்போக்கா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, ஆனால் அந்தப் பற்று எத்தகையது என்று கேட்க வேண்டும். பழகப் பழக ‘வெளி’தான் நமக்குரிய ‘இடம்’ ஆகிறது என்று 1977-இல் புவியியலாளர் யீ-ஃபூ துவான் எழுதினார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அரவணைப்பு வெளியாருக்கு எதிரான மதிலாகவும் மாறக்கூடும் என்று கவலைப்பட்டவர் ஆங்கிலேயப் புவியியலாளர் டோரீன் மாஸி. 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் வடமேற்கு லண்டனின் கில்பர்ன் கடைத்தெரு வழியாக நம்மை நடத்திச் செல்கிறார். அயர்லாந்துச் செய்தித்தாள்கள் விற்கும் கடை, புடவைக் கடை, தலைக்கு மேலே ஹீத்ரோவில் இறங்கப் போகும் விமானங்கள். உலகின் பாதியையும் பிரிட்டிஷ் பேரரசின் வரலாற்றையும் நினைக்காமல் அந்தத் தெருவை நினைக்கவே முடியாது என்கிறார். அதே கட்டுரையில், நகருக்கு வெளியே உள்ள பேரங்காடிக்குக் காரில் செல்பவர் தெருமுனைக் கடையையும் பேருந்தையும் நலிவுறச் செய்கிறார் என்றும், ஒருவரின் வேகம் இன்னொருவரை முடக்குகிறது என்றும் காட்டுகிறார்.

2005-இல் வந்த நூலில் மாஸி, வெளியை ‘இதுவரையிலான கதைகள்’ ஒருங்கே நிகழும் களமாக வரையறுத்தார். அந்த நூலின் தொடக்கத்திலேயே, மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸ் வருகிறார். பரந்து கிடக்கும் நிலத்தைப் பயணி கடந்து செல்கிறான், அங்குள்ளவர்கள் அவன் வரவுக்காக அசையாமல் காத்துக் கிடக்கிறார்கள் என்ற சித்திரம்தான் மாஸிக்குச் சகிக்க முடியாதது. 1519-இல் கோர்ட்டெஸின் படை டெனோச்டிட்லான் நகரைக் கண்டபோது, தம் முன்னோர் வடக்கிலிருந்து நெடுந்தூரம் நடந்து வந்து ஏரியின் நடுவே அந்நகரைக் கட்டிய கதையை அங்கிருந்த மெஷிகா (அஸ்டெக்) மக்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.