தங்க நிற மூட்டும் அடைவில் கிடக்கும் காப்பும்

கேள்வி: வெள்ளவத்தையில், லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, தசைநார்கள் பரவாயில்லை என்கிறார் நிபுணர். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை தனியாரில் பகுதி மாற்று என்றால் 9 இலட்சம், முழு மாற்று 12 இலட்சம். கனடாவில் இருக்கும் அண்ணா, "ரோபோவில செய்யுங்கோ, தங்க நிற மூட்டே போடுங்கோ, பாதிக் காசு பிறகு அனுப்புறன்" என்கிறார். அது 19 இலட்சம். அம்மாவின் 14 இலட்சம் நிலையான வைப்பில் வருஷத்துக்கு 8 வீத வட்டியில் கிடக்கிறது. அதைத் தொட மனமில்லை. மிச்ச நகையையும் வைக்கலாமா? (மகளின் சாமத்திய வீட்டுக்கு 4 இலட்சத்துக்கு அடைவு வைத்த காப்பை இரண்டரை வருஷமாக வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். மாதம் நூற்றுக்கு 2.)

பதில்: முழங்காலை விட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்த வரிக்கு வருவோம். மாதம் 8,000, 30 மாதம்: 2,40,000 ரூபா போய்விட்டது. காப்பு இன்னும் கடைக்காரர் பெட்டியில். அதே 4 இலட்சத்துக்கு வைப்பில் மாதம் 2,700க்குக் கிட்ட வட்டி வருகிறது. வங்கிச் சான்றிதழில் 14 என்ற எண் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாதம் 5,300 ரூபா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மிச்ச நகையும் போனால் இதே கதைதான், தொகை பெரிதாகும்.

அம்மாவிடம் கேட்டு, வைப்பிலிருந்து 4 இலட்சத்தை எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். முதிர்வுக்கு ஓரிரு மாதம்தான் என்றால் பொறுங்கள். அது அம்மாவின் காசு. அடைவுக்காரருக்குக் கட்டிய 8,000ஐ இனி அம்மாவின் கணக்கில் போடுங்கள். 50 மாதத்தில் முழுசாகத் திரும்பிவிடும்.

மிச்சம் 10 இலட்சம். பகுதி மாற்றில் தேய்ந்த பக்கம் மட்டும் மாறும்; நடமாட்டம் விரைவில் திரும்பும். ஆனால் பிறகு இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் கூட. இதுவரை வெளிவந்த கணக்குகளின்படி 25 வருஷம் கழித்து முழு மாற்றில் பத்துக்கு எட்டும், பகுதி மாற்றில் பத்துக்கு ஏழும் அப்படியே இருக்கின்றன. 67 வயதில் இந்த வித்தியாசத்துக்காக நான் நித்திரை கெடமாட்டேன். எது பொருந்தும் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் ஒன்று கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை பகுதி மாற்று செய்கிறீர்கள்? அடிக்கடி செய்பவர் கையில்தான் அது நன்றாக அமையும்.

பெரும்பாலான ரோபோக்கள் தானாக வெட்டுவதில்லை. வைத்தியரின் கையை அளவு பிசகாமல் நடத்துகின்றன. அளவு துல்லியமாகும், சரி. அதனால் மூட்டு கூடுதல் காலம் உழைக்கும் என்று இன்னும் தெளிவாக நிரூபணமாகவில்லை. தங்க நிறம் தங்கமும் இல்லை, டைட்டேனியம் நைட்ரைடு போன்ற ஒரு பூச்சு. உலோக ஒவ்வாமை உள்ளவருக்கு அதில் பொருள் உண்டு. அம்மாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. (விளம்பரம் பார்த்து மூட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம்.)

19க்கும் 9க்கும் இடையே 10 இலட்சம். அதை நூற்றுக்கு 2க்கு எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 20,000. அண்ணாவின் "பிறகு" எந்த மாதம் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். "அண்ணா, ரோபோ வேணுமெண்டால் மிச்சக் காசு சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்க முதல் கணக்குக்கு வரட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். வராவிட்டால் அந்தக் கதை முடிந்தது.

முழு மாற்றுத்தான் என்றால் 2 இலட்சம் குறையும். அதற்கும் அடைவுக் கடைக்குப் போக வேண்டாம். தேசிய வைத்தியசாலையிலோ களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கில் பதியுங்கள். காத்திருக்க நேரும், செயற்கை மூட்டை நீங்களே வாங்கித் தரச் சொன்னாலும் சொல்வார்கள், ஆனாலும் தனியார் கட்டணம் இல்லை. பின்னேரம் தனியாரில் பார்க்கிற நிபுணர் பலர் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் நிற்கிறார்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி கிடைக்குமா என்றும் சத்திரசிகிச்சைக்கு முதலே கேட்டு வையுங்கள்.

பகுதி மாற்று என்றால் கையில் மிஞ்சுவது 1 இலட்சம். நடைச் சட்டம், உயரமான கொமட் இருக்கை, வீட்டுக்கு வரும் பிசியோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆறு வாரத்துக்குக் கீழ் வீட்டில் ஒரு அறை கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள்.