பேத்தி திருத்திய மெழுகுவர்த்திச் சோதனை

பேரக்குழந்தைகளுக்கு வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்து காட்டக்கூடிய அறிவியல் வித்தைகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மூன்றாம் நாளே கைப்பேசியைக் கேட்டு நச்சரிக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வித்தைக்குப் பஞ்சமில்லை, விளக்கத்தில்தான் நான் சறுக்கினேன், ஆகவே அதையே எழுதுகிறேன்.

முதலில் ஆரத்தி நீர். மஞ்சள் கரைத்த தண்ணீரில் மிளகளவு சுண்ணாம்பைக் குழைத்து விட்டால் சிவந்துவிடும். எலுமிச்சையைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். காரம் பட்டால் சிவப்பது மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமியின் இயல்பு.

அந்தச் சிவந்த நீரைத் தட்டில் ஊற்றி, நடுவில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் சுருங்கி அணைய, நீர் உள்ளே ஏறியது. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, காற்றில் அது ஏறக்குறைய 21 விழுக்காடு என்பதால் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறுகிறது" என்று, 31 ஆண்டுகள் வகுப்பறையில் சொன்னதையே சொன்னேன். எட்டு வயதுப் பேத்தி டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "எரியறப்பதானே தாத்தா ஆக்சிஜன் தீரும்? தண்ணி, அணைஞ்சதுக்கு அப்புறம்தானே சரசரன்னு ஏறுச்சு?"

டம்ளரில் காகிதப் பட்டை ஒட்டிக் குறியிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்திகள் என்று ஏற்றிப் பார்த்தோம். ஆக்சிஜன்தான் காரணமென்றால், அதே டம்ளரில் எத்தனை எரிந்தாலும் நீர் ஒரே உயரத்துக்குத்தானே வரவேண்டும்? மூன்று எரிந்தபோது நீர் தெளிவாகவே மேலே நின்றது. கவிழ்க்கும்போதே சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதை உற்றுப் பார்த்தால் காணலாம். சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது.

ஆக்சிஜனே செலவாவதில்லை என்று நான் எழுதிவிட்டதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். செலவாகிறது, ஆனால் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது, எரிந்ததற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. ஆசிரியருக்கு இதுகூடத் தெரியாதா என்பீர்களானால், எனக்குக் கற்பித்தவர் சொன்னதை நான் ஒப்பித்தேன், என்னிடம் படித்தவர்கள் தேர்வுத்தாளில் அதையே ஒப்பித்தார்கள். காற்று குளிர்ந்து சுருங்குவதால் நீர் ஏறுகிறது என்று எழுதியிருந்த ஒரு பையனுக்கு நான் 2 மதிப்பெண் குறைத்தேன். அவன் முகம் நினைவிருக்கிறது, பெயர் இல்லை.

மஞ்சளை மட்டும் துணியில் படாமல் கையாளுங்கள். என் வேட்டியில் விழுந்த கறையை என் மனைவி சோப்புப் போட்டுத் தேய்க்க, அது செக்கச்செவேலென்று மாறியது. அவர் என்னைத் திட்டத் தொடங்குமுன் பேத்தி, "பாட்டி, சோப்பும் சுண்ணாம்பு மாதிரிதான்" என்று ஓடிவந்தாள். வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டதில் கறை வெளுத்துவிட்டது.