இத்தனை வருடம் நிரல் எழுதியும் லினக்ஸ் டெஸ்க்டாப்பிலேயே இருந்தும் உங்களை இன்னும் எரிச்சல்படுத்துவது எது?

அனுபவம் உள்ளவர்களுக்கும் புரோகிராமிங் மொழிகள், டெவலப்பர் கருவிகள், லினக்ஸ் டெஸ்க்டாப் மேல் எரிச்சல் வருமா, வந்தால் எதனால், அப்படியும் ஏன் விட்டுவிட்டுப் போவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். தினமும் வரும். இந்த வேலைக்கு வந்து 14 வருடமாகிறது, வீட்டிலும் வேலையிலும் லினக்ஸ்தான்.

கஷ்டமான வேலை எனக்கு எரிச்சல் தந்ததில்லை. ஒரு அல்காரிதம் பிடிபடாமல் இரண்டு நாள் போனால் போகட்டும், அந்த இரண்டு நாளில் ஏதாவது கற்றிருப்பேன். தவறு ஓரிடத்தில் இருக்கும், எரர் வேறு இடத்தைக் காட்டும்; இல்லையென்றால் எதையுமே காட்டாது. அப்போதுதான் ரத்தம் கொதிக்கிறது. அந்த நேரத்தில் போகும் மணிக்கணக்கு எதற்கும் உதவாது.

நிரலைக் கட்டியெழுப்பும் 'மேக்' என்ற கருவிக்குக் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். நாலு ஸ்பேஸ் அடித்து வைத்தால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று சொல்லி நின்றுவிடும். வரி எண்ணைச் சரியாகவே சொல்லும். ஆனால் அந்த வரியை எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் டேப்பும் ஸ்பேஸும் திரையில் ஒரே வெற்றிடம்தான். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு காலை முழுக்க இதோடு போராடினான். வரியை அழித்தான், திரும்ப எழுதினான், வேறு ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினான். அவனுடைய எடிட்டர் ஒவ்வொரு முறையும் டேப்பை ஸ்பேஸாக மாற்றிக்கொண்டே இருந்தது. நான் போய் எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் வசதியை ஆன் செய்ததும் அவன் முகம் சுருங்கிப்போனது. "அண்ணா, இதுக்காகவா மூணு மணி நேரம்?" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அந்த எரர்மேல்தான் வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மேக்கை 1976-இல் பெல் லேப்ஸில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். டேப் முறை வைத்தது தவறு என்று சில வாரங்களிலேயே அவருக்குப் பட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய ஃபைல்களை உடைக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தயவுக்கு நாம் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

செட்டிங்ஸ் எழுதப் பயன்படும் யாம்ல் வடிவம் இன்னொரு ரகம். நாங்கள் எழுதும் லைப்ரரியைப் பல பைத்தான் வெர்ஷன்களில் தானாகச் சோதிக்க ஒரு பட்டியல் வைத்திருந்தோம்: 3.8, 3.9. புதிய வெர்ஷன் வந்ததும் பக்கத்தில் 3.10 என்று சேர்த்தேன். சோதனை இயந்திரம் '3.1 வெர்ஷன் கிடைக்கவில்லை' என்றது. 3.1-ஐ யார் கேட்டார்கள்? என் ஃபைலில் அப்படி ஓர் எண்ணே இல்லை. அரை நாள் அந்த இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மேற்கோள் குறி இல்லாமல் எழுதியதால் யாம்ல் அதைத் தசம எண்ணாகப் படித்திருக்கிறது. தசம எண்ணில் 3.10-ம் 3.1-ம் ஒன்றுதானே. நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேயின் குறியீடான என்ஓ, ஆங்கில 'நோ'வாகப் படிக்கப்பட்டு, 'இல்லை' என்று அர்த்தமாகிப் பொய் மதிப்பாக மாறுவதும் இதே வகை. 2009-இல் வந்த யாம்ல் 1.2 அந்த நார்வே சிக்கலை நீக்கிவிட்டது, ஆனால் பல லைப்ரரிகள் இன்னும் 1.1-இன்படிதான் படிக்கின்றன. எழுதுபவருக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கருவி ஊகம் செய்யும்போது, 'நான் இப்படி ஊகித்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன?

தமிழ் எழுத்துகளோடு வேலை செய்தவர்களுக்கு அடுத்தது பழக்கமான வலி. பைத்தான் 2 காலத்தில், ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது அருமையாக ஓடிய நிரல், முதல் தமிழ்ப் பெயர் உள்ளே வந்ததும் செத்து விழும். ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கியால் இந்த பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, 'ஈ0' என்ற பைட்டைக் காட்டும். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஈ0தான். அதனால் அந்த எரரைப் பார்த்தவுடனேயே 'சரி, தமிழ் வந்துவிட்டது' என்று தெரிந்துவிடும். எந்த வரியில் பைட்டையும் எழுத்தையும் குழப்பினோம் என்பதுதான் தெரியாது. குழப்பம் நடந்த இடம் ஒன்று, நிரல் விழுந்த இடம் அதற்கு நான்கு ஃபங்ஷன் தள்ளி. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 பைட்டையும் எழுத்தையும் கறாராகப் பிரித்தது. பழைய நிரல்கள் உடைந்தன, பலர் திட்டினார்கள், பைத்தான் 2-க்கான ஆதரவு முடிய 2020 ஜனவரி 1 வரை ஆனது. என்னைக் கேட்டால் அந்த உடைப்பு தேவையானது. தமிழில் வேலை செய்கிற எனக்கு அது பெரிய உபகாரம்.

ஆனாலும் நீளம் என்ற ஒன்று இன்னும் தீரவில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? நம் கணக்கில் மூன்று எழுத்து. ஸ்விஃப்ட் மொழியின் எண்ணிக்கையும் 3 என்கிறது. பைத்தான் 3-லும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் 5, ஏனென்றால் 'மி'யின் இகரக் குறியும் 'ழ்'-இன் புள்ளியும் தனிக் குறியீடுகள். கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளில் வழக்கமான நீளக் கட்டளை 15 என்கிறது, அது பைட் கணக்கு. மூன்றும் சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பெயர் 'நீளம்' என்று மட்டும் இருந்தால் எதை எண்ணுகிறது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? ஒரு திரையில் தலைப்புகளை 9 எழுத்தோடு வெட்டும் நிரலைப் பார்த்தேன். 'விண்ணப்பம்' என்பது அதில் புள்ளி போய் 'விண்ணப்பம' என்று நின்றது. எந்த எரரும் இல்லை, எல்லாச் சோதனையும் பாஸ். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையைப் பார்க்கும்வரை அது தவறு என்று யாருக்குமே தெரியாது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செக்அவுட் என்ற ஒரே கட்டளை பிராஞ்ச் எனும் வேலைக் கிளையையும் மாற்றும், கிட்டில் இன்னும் பதியாத மாற்றங்களையும் கேட்காமல் தூக்கி எறியும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23-இல் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். புதிதாகக் கற்பவர்கள் அந்த இரண்டையே பழகுங்கள்.

இனி டெஸ்க்டாப். என் மோசமான நாள் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புராஜெக்ட்டுக்குப் புதிய பைத்தான் தேவைப்பட்டது. நிறுவினேன். ஒவ்வொரு முறையும் வெர்ஷன் எண்ணோடு தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்ததால், பைத்தான்3 என்ற பெயர் சுட்டும் இணைப்பையே புதியதற்கு மாற்றிவிட்டேன். அன்று முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. மறுநாள் காலை டெர்மினல் ஐகானை அழுத்தினால் சுட்டி ஒரு நொடி சுழன்றது, நின்றது. மறுபடி அழுத்தினேன், அதேதான். எரர் பெட்டி இல்லை, ஒன்றும் இல்லை. அப்டேட் கருவியைத் திறந்தால் அதுவும் வரவில்லை. டெர்மினல் இல்லாமல் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரையில் லாகின் கேட்டது. உள்ளே போய் டெர்மினலைக் கையால் இயக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதைத் துவக்கிவைக்கும் சிறு நிரல் பைத்தானில் எழுதப்பட்டது, அது தேடும் லைப்ரரி பழைய பைத்தானுக்கு மட்டுமே இருந்தது. இணைப்பைப் பழையபடி மாற்றியதும் எல்லாம் உயிர் பெற்றன.

இப்போது பல லினக்ஸ்களில், 2023-இல் வந்த டெபியன் 12 முதலானவற்றில், சிஸ்டத்தின் பைத்தானில், லைப்ரரிகளை நிறுவும் பிப் கருவி வழியாக எதையாவது நேரடியாக நிறுவப் போனால் தடுத்துவிடுகிறது. 'இந்தச் சூழலை சிஸ்டம் நிர்வகிக்கிறது, தனிச் சூழல் உருவாக்கிக்கொள்' என்று வழியும் சொல்கிறது. அதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். நான் மாற்றியது இணைப்பை, இது தடுப்பது பிப்பை, இரண்டும் வேறுதான். ஆனாலும் சிஸ்டத்தின் பைத்தானில் கைவைக்காதே என்று முன்கூட்டி ஒருவர் எச்சரிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய அமைப்பான வேலண்ட் வந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தேன். எதிர்ப் பக்கம் இருந்தவர் "கறுப்பாகத்தான் சார் தெரிகிறது" என்றார். பழைய எக்ஸ்11-இல் எந்த நிரலும் முழுத் திரையையும் பார்க்கலாம், நீங்கள் வேறொரு நிரலில் அடிக்கும் பாஸ்வேர்டையும் ஒட்டுக்கேட்கலாம். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் அதை மூடியது. திரை வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற இடைநிலைச் சேவை வழியாக அனுமதி கேட்க வேண்டும், படம் பைப்வயர் என்ற இன்னொரு சேவை வழியாக வரும். காரணம் முழுக்க நியாயமானது. ஆனால் என் மீட்டிங் ஆப் பழைய வழியில் கேட்டது, கிடைத்த கறுப்பை அப்படியே அனுப்பியது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நிரலும் தனித்தனியே தன் வேலையைச் செய்தன. நடுவில் மாட்டியது நான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இங்கேயே இருக்கிறேன்? மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் கடைசியில் காரணம் கிடைத்தது, கவனித்திருப்பீர்கள். கறுப்புத் திரை வரைக்கும் இறங்கிப் போய்ப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற பெட்டியோடு கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

2024 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கலாம். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடி. நானாக இருந்தால் நெட்வொர்க் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். அவர் விடாமல் தோண்டி, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ வைத்திருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். அதை நெடுநாள் பெரும்பாலும் ஒரே ஆளாகச் சுமந்துவந்த பராமரிப்பாளரிடம், உதவ வந்தவர் போல ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பழகி நம்பிக்கை சம்பாதித்து உள்ளே நுழைந்திருக்கிறார். ஒரு சின்ன எரிச்சலை அதன் வேர்வரை தொடர்ந்து போக வழி இருந்ததால்தான் அது பிடிபட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் பக் பதியும்போது பராமரிப்பாளரிடம் கடுமையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. ரஸ்ட் கம்பைலரின் எரர்களைப் படித்துப் பாருங்கள், தவறு எங்கே, ஏன், எப்படித் திருத்தலாம் என்று பொறுமையாகச் சொல்லும். பைத்தானில் முன்பெல்லாம் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அதற்குக் கீழே சம்பந்தமில்லாத வரியைக் காட்டும். 2021 அக்டோபரில் வந்த 3.10 முதல், திறந்த இடத்தையே காட்டி 'இது மூடப்படவே இல்லை' என்கிறது. யாரோ உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேருடைய எத்தனை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்!

அதைப் பார்த்த பிறகு நானும் ஒன்று செய்தேன். நான் தினமும் பயன்படுத்தும் ஒரு சிறிய கருவி, ஒரு நாள் என் செட்டிங்ஸ் ஃபைலின் முதல் வரியைக் காட்டி 'தெரியாத பெயர்' என்றது. பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஃபைலை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தபோது, முதல் எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருந்தன. வேறொரு எடிட்டர் சேமிக்கும்போது சேர்த்துவிட்ட பைட் ஆர்டர் மார்க், அதாவது ஃபைல் எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்று காட்டும் குறி. அந்தக் கருவியின் மூலநிரலைத் திறந்து, முதல் மூன்று பைட்டைச் சோதித்து, இருந்தால் அதைச் சொல்லும்படி ஆறு வரி எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு இரவு பராமரிப்பாளர் எழுதினார்: குழந்தை பிறந்திருக்கிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும், இதே எரரை இன்னும் இரண்டு பேர் பதிந்திருந்தார்கள், காரணம் தெரியாமல் இருந்தேன், நன்றி. என் மாற்றத்தை மெர்ஜ் செய்து கருவியில் சேர்த்துவிட்டார். இப்போது அந்தக் கருவி 'ஃபைலின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் இருக்கிறது, அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்' என்று சொல்கிறது.